இருபத்துநாலு பாகை

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்

சாய்ந்தமருது,
ஷஃபான் பிறை 13

மெல்பேர்னில் இருக்கும் தம்பி முஸ்தாக்குக்கு ராத்தா கைருன்னிஸா எழுதிக்கொள்வது.

அஸ்ஸலாமு அலைக்கும். ஸலாம் சொல்வது எனக்கு நபிவழியான சுன்னத், பதில் சொல்வது உன் மேல் கடமை. அந்தக் கணக்கை முதலில் தீர்த்துவிட்டேன். அடுத்ததாக, இங்கு அனைவரும் சுகம், உன் சுகமறிய ஆவல் என்று எழுத வேண்டும். பேனாவை வைத்துப் பார்த்தேன், கை போகவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. மனதுக்குத்தான் சுகமில்லை, மூன்று நாளாக.

போனிருக்க ஏன் கடிதம் என்று யோசிப்பாய். வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினால் பாதியில் நிறுத்திவிட்டு, "நெட்வேர்க் சரியில்ல ராத்தா" என்பாய். போன பெருநாளிலிருந்து உனக்கு அந்த நெட்வேர்க் சரிவரவே இல்லை. கடிதத்தைப் பாதியில் நிறுத்தினாலும் மீதி தாளில் இருக்கும். அழிக்க வேண்டுமென்றால் நெருப்பாவது மூட்ட வேண்டும்.

நீ அனுப்பிய பார்சல் திங்கட்கிழமை வந்தது. சொக்லட் இரண்டு பெட்டி, எனக்கு ஒரு ஹிஜாப், உன் மச்சானுக்கு ஒரு அத்தர்ப் போத்தல், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு நீலக் கவர். சொக்லட்டுக்குக் கீழே வைத்திருந்தாய். அப்படித்தான் நாய்க்கு மருந்து கொடுப்பார்கள், இறைச்சித் துண்டுக்குள் வைத்து.

கவருக்குள் இருந்த தாளை நான் ஒருத்தியாகவே வாசித்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவள்தான் உன் ராத்தா. ஆனால் மகள் நதீரா ஐந்தாம் ஆண்டிலிருந்து கெம்பஸ் வரை படித்த ஒவ்வொரு இங்கிலிஷ் புத்தகத்தையும் அவளுக்குப் பின்னால் நானும் வாசித்தேன் என்பது உனக்குத் தெரியாது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு சொல்லையும் விடாமல் வாசித்தேன். அதில் சொல்லியிருப்பது இது: சாய்ந்தமருதைச் சேர்ந்த அபுல் ஹஸன் என்பவர், அதாவது என் கணவர், உன் மச்சான், கண்டுபிடிப்பாளரான முஸ்தாக் என்பவர் சொன்ன அளவுகளின்படி சில பாகங்களைப் பொருத்திக் கொடுத்த கூலியாள். கண்டுபிடிப்பில் அவருக்குப் பங்கில்லை. இப்போதும் இல்லை, இனிமேலும் கேட்கமாட்டார். கீழே புள்ளி வைத்த இரண்டு வரிகள். ஒன்றில் அவர் ஒப்பமிட வேண்டும். மற்றதில், வேலை நடந்த வீட்டுக்காரி என்ற முறையில் நான் சாட்சி ஒப்பமிட வேண்டும்.

தாளோடு உன் கையெழுத்தில் ஒரு துண்டு. உன் இரண்டு பேட்டன்டையும் அங்குள்ள விளையாட்டுச் சாமான் கம்பனி வாங்கப் போகிறதாம். இந்த ஒப்பங்கள் இல்லாவிட்டால் வாங்காதாம். வாங்காவிட்டால் நீ தெருவில் நிற்பாயாம். கடைசி வரியை நான் அப்படியே திருப்பி எழுதுகிறேன், நீயும் ஒருமுறை பார்: "ஒப்பம் வெச்சு அனுப்புங்க ராத்தா, வாற வருஷம் உங்க ரெண்டு பேரையும் நான் ஹஜ்ஜுக்கு அனுப்புறன்."

அதை வாசித்துவிட்டு எழும்பிப் போய்க் கை கழுவினேன். மனம் ஆறாமல், தொழுகைக்குச் செய்வதுபோல் முகமும் காலும் கழுவி ஒளுவும் எடுத்தேன்.

முஸ்தாக், களவைக் கண்டிருக்கிறேன். கோழி களவு போயிருக்கிறது, மதிலுக்கு ஏற்றி வைத்த மண் களவு போயிருக்கிறது. வயிற்றுக்கு இல்லாதவன் எடுத்தான் என்று விட்டிருக்கிறேன். ஆனால் பொய்ச் சாட்சிக்குக் கூலியாகக் கஃபாவைக் காட்டுகிறவனை நான் இப்போதுதான் பார்க்கிறேன். அந்தப் பணத்தில் வாங்கிய இஹ்ராம் துணியைச் சுற்றிக்கொண்டு நான் எந்த முகத்தோடு லப்பைக் சொல்வேன்? வந்துவிட்டேன், வந்துவிட்டேன் என்று யாரிடம் சொல்வேன்? உனக்குக் கூச்சமாக இல்லையா?  எழுத்து நேராகத்தான் இருக்கிறது, பார்த்தேன்.

நீ மறந்திருப்பாய், அல்லது மறந்ததாக வைத்துக்கொண்டிருப்பாய். நடந்ததை எழுதுகிறேன்.

இரண்டாயிரத்துப் பதினேழு. நீ கல்முனைக் கிரிக்கெட் கழகத்துக்கு ஆடிக்கொண்டிருந்தாய். தொடர்ந்து ஆறு ஆட்டம் எல்.பி., காலில் பந்து பட்டு அவுட். ஆறாவது நாள் மட்டையை வாசலில் எறிந்துவிட்டு வந்து, "அம்பயர் குருடன் ராத்தா" என்று சாப்பிடாமல் படுத்தாய். உன் மச்சான் கண்ணாடிக் கடையிலிருந்து சைக்கிளில் வரும் வழியில் கடற்கரைத் திடலில் நின்று பார்த்திருக்கிறார். "அம்பயருக்குக் கண் சரிதான் மாப்புள. உன்ட தலைதான் பந்துக்கு முன்னால ஓப் சைட் பக்கம் விழுந்து போகுது. தலை போனாக் காலும் பின்னால போகும்" என்றார். நீ அவர்மேல் பாய்ந்தாய். மூக்குக் கண்ணாடிக்குக் கம்பி முறுக்குகிறவருக்குக் கிரிக்கெட்டைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டாய். அவர் சிரித்தார். அந்த மனிசனுக்குச் சிரிப்பைத் தவிர வேறொரு ஆயுதமும் அல்லாஹ் கொடுக்கவில்லை.

அடுத்த கிழமைதான் உன் தலையை நேராக்க அவர் பெட்டி வேலையைத் தொடங்கினார். பெட்டி என்று பெயர்தான், தண்ணீர்க் குழாயில் ஒரு முழத் துண்டு. முன்வாயில் கடையில் கழித்துப் போட்ட லென்ஸ் ஒன்று. பின்வாயில் பச்சை நடுவிலும் சிவப்பும் மஞ்சளும் இரண்டு பக்கத்திலுமாக மூன்று நிறத்தில் டொபி மிட்டாய் சுற்றிய தாள், அதற்குப் பின்னால் டின் மீன் பேணிக்குள் ஒரு பல்பு. நேரே நின்று பார்க்கிறவனுக்குப் பச்சை மட்டும் தெரியும். தலை ஓப் பக்கம் நாலு விரல் சரிந்தால் சிவப்பு. மற்றப் பக்கம் சாய்ந்தால் மஞ்சள். யாரும் பக்கத்தில் நின்று கத்தத் தேவையில்லை, உன் தலை எங்கே இருக்கிறது என்று உன் கண்ணே உனக்குச் சொல்லும்.

சொல்ல ஒரு நிமிடம். செய்ய அவருக்குப் பதினாலு மாதம். ஒரு லென்ஸில் நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று வழிந்தன. இன்னொன்றில் பச்சை, வாசல் அளவுக்கு விரிந்தது. முப்பத்தொரு லென்ஸ் தேய்ந்தும் உடைந்தும் போனது. முப்பத்தொன்று என்பது என் கணக்குக் கொப்பியில் இருக்கிறது. என் கொப்பி உனக்குத் தெரியும். விட்டுப் பிறகு பிடிக்க வேண்டிய கழா நோன்பு எத்தனை, காஸ் எந்தத் தேதியில் மாற்றியது, எந்தக் கோழி அடைக்குப் படுத்தது, எந்தக் கண்ணாடி எப்போது போனது, எல்லாம் அதில்தான். "ராத்தா நன்மை தீமை எழுதுற மலக்குகளுக்கு வேலை வைக்கமாட்டா, ரெண்டு தோளிலயும் தானே இருந்து எழுதுவா" என்று நீதான் என்னைப் பகிடி பண்ணுவாய்.

பெட்டியை வைத்துப் பார்க்க இடம்? வீட்டில் நீளமாக இருந்தது தொழுகை அறை மட்டும்தான். இது சுனாமிக் கடலுக்குப் பிறகு கட்டித் தந்த திட்ட வீடு. கட்டியவன் சுவரைக் கடலைப் பார்க்க நேராக எழுப்பினான், தொழும்போது கஃபாவை நோக்கித் திரும்பும் கிப்லாவைப் பற்றி ஒருவரிடமும் கேட்கவில்லை. ஆகவே நம் தொழுகை அறையில் ஸஃப்பு வரிசை கோணலாகத்தான் விழும். வந்தவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பக்கம் திரும்பித் தொழுதார்கள். அதைத் தாங்காமல் ஒருநாள் நான் திசைகாட்டியையும் பாகைமானியையும் வைத்து அளந்து, ஜன்னலுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயின்டால் சீமெந்துத் தரையில் மூலையிலிருந்து மூலைக்கு ஒரு கோடு போட்டேன், முகம் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று காட்ட. வீட்டில் நேராகக் கிடந்த ஒரே கோடு அது. உன் மச்சான் அதன் கிப்லா முனையில் பெட்டியை வைத்தார். கடல்பக்க முனையில் நீ மட்டையோடு நின்றாய். முஸல்லாப் பாய்களைச் சுருட்டி வைத்துவிட்டு, செருப்பில்லாமல், பந்தில்லாமல் நிற்பதென்றால் மட்டும் நில் என்று நான்தான் விட்டேன். பெட்டி இருந்த மூலையில் ஜன்னல் இல்லாதபடியால் வெளிச்சமும் கண்ணில் குத்தவில்லை. அவரும் தன் கொப்பியில் எழுதி வைத்தார்: "கிப்லாக் கோட்டில் வைத்தால் மூன்று நிறமும் தெளிவு."

அந்த வருடம் நீ இரண்டு சதம் அடித்தாய். கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் கழுத்தைக் கட்டிப் பிடித்தாய். பெட்டியை ஒருவருக்கும் காட்ட வேண்டாம், எதிர் அணிக்காரனும் செய்துவிடுவான் என்று ஆணையும் வாங்கிக்கொண்டாய். அவர் அந்த வாக்கை இன்றைக்கும் மீறவில்லை. கடை முதலாளிக்குக்கூடத் தெரியாது.

பிறகு நீ படிக்கப் போனாய். மூன்று வருடத்துக்கு முந்தி லீவில் வந்தபோது, அவரோடு இரண்டு நாள் இருந்து கொப்பியைப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்தாய். நான் உனக்கு இறால் பொரித்துக்கொண்டிருந்தேன். "மச்சான்ட மூளைய அங்க உள்ளவனுகளுக்குக் காட்டப் போறன்" என்றாய். காட்டினாய்தான்.

நேற்று நதீரா உன் இரண்டு பேட்டன்டையும் இணையத்தில் எடுத்து அச்சடித்துக்கொண்டு வந்தாள். ஒன்று லென்ஸுக்கு, ஒன்று பயிற்சிக் கருவிக்கு. இரண்டிலும் கண்டுபிடித்தவர் இருக்க வேண்டிய இடத்தில் உன் பெயர் தனியாகக் கிடந்தது. உம்மா, மகள் இருவரும் தரையில் இருந்து வாசித்தோம். நதீரா ஒவ்வொரு வரியாகத் தமிழாக்கினாள். குழாய்த் துண்டு "உருளை வடிவ உறை" ஆகியிருந்தது. டின் மீன் பேணி "வெப்பம் கடத்தும் விளக்குக் கூடு". அவள் தின்ற டொபியின் தாள் "நிறம் பிரிக்கும் மென்படலம்". அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உம்மா, நான் சின்னதுல தின்டதெல்லாம் மென்படலமாம்" என்றாள்.

நிறத் தாளை இரண்டு கண்ணாடிக்கு நடுவில் ஒட்டி "ஒன்பது நாட்கள் சீரான அழுத்தத்தில் வைத்தல்" என்று ஓரிடத்தில் இருந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. ஒன்பது நாள் ஏன் தெரியுமா? உன் மச்சான் அதை அரிசி மூட்டைக்கு அடியில் வைத்தார். வாளியிலிருந்த பழைய அரிசி முடியாமல் நான் புது மூட்டையை அசைக்க விடவில்லை. அது முடிய ஒன்பது நாள் எடுத்தது. நம் வீட்டு அரிசி வாளி இப்போது அவுஸ்திரேலியாவில் விஞ்ஞானம்.

அந்தச் சிரிப்போடு நிறுத்தியிருக்கலாம். அடுத்த பக்கத்தையும் வாசித்தாள். "கருவியின் மிகச் சிறந்த பயன்பாட்டுக்கு, விளையாட்டு வீரர் நோக்கும் திசை மேற்கிலிருந்து வடக்கே இருபத்துநாலு பாகையாக இருத்தல் வேண்டும்."

நதீராவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இதென்னத்துக்கும்மா? எந்தத் திடலெண்டாலும் இப்படியா நிக்கணும்? மாமா என்ன எழுதி வெச்சிருக்கார்?" என்று கேட்டாள்.  எழும்பிப் போய் என் கொப்பியை எடுத்தேன்.

இரண்டு வருடத்துக்கு முந்தி, ரஜப் பிறை 9. என் எழுத்து இப்படி இருக்கிறது: "லுஹருக்குப் பின் முஸ்தாக் போன். கிப்லாப் பாகை கேட்டான். 24 சொன்னேன். அல்ஹம்துலில்லாஹ். ஷுக்ருடைய ஸஜ்தா செய்தேன்."

நினைவு வருகிறதா? "ராத்தா, தொழுகை அறையில நீங்க போட்ட கோடு கிப்லாவுக்கு எத்தின பாகை? சரியாச் சொல்லுங்க, பிழைக்கப் படாது" என்று கேட்டாய். நான் சந்தேகத்துக்கு இடம் வைக்காமல் நதீராவின் கொம்பாசுப் பெட்டியை எடுத்து மறுபடியும் அளந்தேன். முழங்கால் நோகத் தரையில் ஊர்ந்து அளந்தேன். உனக்கு என் சந்தோஷம் தெரியாது. நீ போய் ஐந்து வருடமாகத் தொழுகையைப் பற்றிக் கேட்டால் கதையை மாற்றுகிறவன், தானாகக் கிப்லா கேட்கிறான்! உம்மா கடலோடு போனபோது பதினொரு வயதில் என் கையில் வந்த பிள்ளை, நான் அலிஃப் பே சொல்லிக் கொடுத்த பிள்ளை, திரும்பி வந்துவிட்டான் என்று நினைத்தேன். போனை வைத்த இடத்திலேயே அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லி ஸஜ்தாவில் விழுந்தேன். எழும்பியபோது நெற்றியில் பச்சைப் பெயின்டின் பொருக்கு ஒட்டியிருந்தது.

சாய்ந்தமருதின் பாகை மெல்பேர்னில் இருக்கிறவனுக்கு எதற்கு என்று அப்போது எனக்கு ஓடவில்லை. ஊருக்கு ஊர் கிப்லா மாறும் என்பது தெரியாதவளா நான்? சந்தோஷம் வந்தால் மனிசி மடைச்சியாகிவிடுவாள்.

உனக்கும் ஓடவில்லை, அதுதான் வேடிக்கை. மச்சானின் கொப்பியில் "கிப்லாக் கோட்டில் வைத்தால் தெளிவு" என்று கண்டாய். கிப்லா என்று எழுதினால் அங்குள்ளவன் ஏன் என்று கேட்பான் என்று பயந்தாய். விடவும் பயந்தாய், விட்டால் கருவி வேலை செய்யாதோ என்று. அந்த மூலையில் ஜன்னல் இல்லை, அவ்வளவுதான் காரணம் என்பதைச் செய்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அவரிடம் கேட்க உனக்கு வாய் வரவில்லை. என்னிடம் கேட்டாய், தொழுகை என்ற போர்வையைப் போர்த்திக்கொண்டு. இனி உலகத்தில் எவன் உன் பேட்டன்டை வாசித்தாலும், மட்டையைப் பிடித்துக்கொண்டு நம் வீட்டுக் கிப்லாவைப் பார்த்து நிற்பான்.

அருவருப்பாக இருக்கிறது தம்பி. வேறு சொல் தேடினேன், கிடைக்கவில்லை. பெட்டியை எடுத்ததைவிட, நிறத் தாளை எடுத்ததைவிட, அந்த ஸஜ்தாவை எடுத்தாய். அதை நான் எந்தக் கணக்கில் எழுதுவது? இரவெல்லாம் யோசித்துவிட்டு ஸுபஹுக்குப் பின் ஒரு முடிவுக்கு வந்தேன். ஸஜ்தா அல்லாஹ்வுக்குச் செய்தது, அது போய்ச் சேர்ந்திருக்கும். வீணாகப் போனது என் சந்தோஷம்தான். அதை எழுதி, குறுக்கே கோடு போட்டுவிட்டேன்.

பிறை 14

நேற்று அஸர் பாங்கு சொன்னதும் நிறுத்தினேன். இன்று தொடர்கிறேன்.

நேற்று எழுதாத ஒன்றிருக்கிறது. வெட்கத்தில் எழுதவில்லை. உன் மச்சான் ஒப்பம் வைத்துவிட்டார். பார்சல் வந்த திங்கட்கிழமையே, நான் பக்கத்து அஸீஸா வீட்டுக்குப் போயிருந்த நேரம், ஒப்பங்களை உறுதிப்படுத்தும் சமாதான நீதவானிடம் போய் முதல் வரியில் வைத்துவிட்டு வந்திருக்கிறார். வந்து சொன்னபோது அவர்மேலும் எனக்குக் கோபம் வந்தது. கூலியாள் என்று எழுதிய தாளுக்கா ஒப்பம் வைத்தீர்கள் என்று கேட்டேன். "கூலியாளெண்டா என்ன புள்ள, கடையிலயும் நான் கூலியாள்தானே" என்றார். "அவன் தெருவில நிண்டா நமக்கு நல்லமா? நம்மட புள்ள. பேரா சோறு போடுது?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அன்றைக்கு ஒரு நாளும் இல்லாத மாதிரி கண்ணாடியைக் கழற்றிச் சாரத்து நுனியால் துடைத்துத் துடைத்து வைத்தார்.

உனக்குத் தெரியுமோ என்னவோ, பஸாரில் உனக்குப் பதாகை கட்டியிருக்கிறார்கள். கோட்டும் டையும் போட்டு நீ நிற்கிறாய். "எம் மண் ஈன்ற இளம் விஞ்ஞானி." கட்டியது எங்கே? சரியாக உன் மச்சான் வேலை செய்யும் கண்ணாடிக் கடைக்கு மேலே. தினமும் காலையில் அதற்குக் கீழேதான் சைக்கிளை நிறுத்திப் பூட்டுகிறார். அஸீஸா வந்து, "ராத்தா, உங்கட தம்பி என்ன வெள்ளையா வந்திரிக்கான்! எங்கட மகனுக்கும் ஒரு விசா பார்க்கச் சொல்லுங்களன்" என்று கேட்கிறாள். நான் அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று உள்ளே போய்விட்டேன். பதாகையைப் பற்றி அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "படத்திலயும் அவன்ட தலை ஓப் பக்கம் சரிஞ்சுதான் நிக்குது புள்ள."

இன்று காலை அவருக்கு அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டினேன். இருபத்துநாலு பாகை. பிறகு என் கொப்பியில் ரஜப் பிறை ஒன்பதையும் காட்டினேன். அவருக்கு அது தெரியாது. நீ கிப்லா கேட்டாய் என்று அன்றைக்கு நான் சொன்னபோது அவரும் சேர்ந்து சந்தோஷப்பட்டவர்தான். அன்று கோழி அறுத்தோம்.

 இந்த முறை அவர் சிரிக்கவில்லை. போய்த் தொழுகை அறை வாசலில் நின்றார். பிறகு திரும்பி வந்து, ஒப்பம் வைத்த தாளை என் மடியில் வைத்தார். "நான் ஒப்பம் வெச்சது பெட்டிக்கு. அது என்ட கை வேலை. நான் குடுத்தாக் குடுத்ததுதான், திருப்பிக் கேட்க மாட்டன். ஆனா கோடு நான் கீறினதில்ல. அது உன்ட. அதுக்கு நான் ஒப்பம் வெக்க ஏலாது. இனி நீ பார்த்துக்க" என்றார். இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அந்த மனிசன் என்னிடம் ஒரு விடயத்தை இப்படி விட்டது இதுதான் முதல் தடவை.

ஆகவே என் பதிலைக் கேட்டுக்கொள்.

இரண்டாவது வரியில் நான் ஒப்பம் வைக்கமாட்டேன். தாள் உனக்கு வராது. கோழிக்கூட்டில் விரித்துவிடலாமா என்றும் பார்த்தேன், அதில் அவருடைய பெயர் இருப்பதால் மனம் வரவில்லை. என் கொப்பிக்குள் வைத்திருக்கிறேன். ரஜப் பிறை ஒன்பதின் பக்கத்தையும், அவருடைய கொப்பியில் கிப்லாக் கோடு பற்றி எழுதிய பக்கத்தையும் பிரதி எடுத்து இதோடு அனுப்புகிறேன். இரண்டிலும் தேதி இருக்கிறது. இன்னொரு பிரதி நதீராவிடம் இருக்கிறது. அந்தக் கம்பனியின் விலாசம் நீ அனுப்பிய தாளின் தலையிலேயே இருந்தது, எழுதி எடுத்துக்கொண்டேன்.

ரமழான் நோன்புப் பிறை காணும் வரை பார்த்திருப்பேன். அதற்கு முன் இரண்டு பேட்டன்டிலும் அபுல் ஹஸன் என்ற பெயரை முதலில் போடு, உன் பெயரை அதற்குக் கீழே வைத்துக்கொள். உனக்கும் பங்கிருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆறு தரம் எல்.பி. ஆனவன் நீதானே. எப்படிப் போடுவது என்று உன் சட்டத்தரணிக்குத் தெரியும். போட்டால் கம்பனிக்கு விற்பாயோ வைத்திருப்பாயோ, அது ஆண்கள் இருவரும் கதைத்துக்கொள்ள வேண்டியது. போடாவிட்டால், பிறை கண்ட மறுநாள் அந்தப் பிரதிகள் கம்பனிக்குத் தபாலில் போகும். என் கையாலேயே போடுவேன். சொந்தத் தம்பிக்கு எதிராகச் சாட்சி சொன்னாள் என்று ஊர் சொல்லும். சொல்லட்டும். உங்களுக்கோ, பெற்றாருக்கோ, உறவினருக்கோ பாதகமாக இருந்தாலும் சாட்சியை நேராகச் சொல்லுங்கள் என்று குர்ஆனில் இருப்பதை நானே உனக்கு ஓதிக் கொடுத்தேன். அந்த ஆயத் இப்படி என் வாசலில் வந்து நிற்கும் என்று நினைத்துக் கொடுக்கவில்லை.

சொக்லட் பெட்டிகள் உடைக்காமல் இருக்கின்றன. ஹிஜாப் பொலித்தீனோடு இருக்கிறது. அத்தர்ப் போத்தலை மட்டும் உன் மச்சான் எடுத்து ஒரு சொட்டுப் பூசிக்கொண்டு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போவாராம், தம்பி அனுப்பியதாம். அவரை நான் என்ன செய்ய?

வேறு செய்தி: நதீராவுக்கு அடுத்த மாதம் பரீட்சை. கிணற்றில் உப்புக் கூடிவிட்டது. பழைய பெட்டி இன்னும் அலுமாரிக்கு மேலே இருக்கிறது, நேற்று இறக்கித் துடைத்தேன். பல்பு போய்விட்டது, நிறங்கள் அப்படியே இருக்கின்றன. நோன்புக்கு முன் கோட்டுக்கு மறுபடியும் பெயின்ட் அடிக்க வேண்டும். நீ நின்ற முனையில்தான் கூடத் தேய்ந்திருக்கிறது.

கடைசியாக ஒன்று. நீ கேட்கவில்லை. ஆனாலும் இன்று நதீராவைக்கொண்டு பார்க்கச் சொன்னேன், இரண்டு இடத்தில் சரிபார்த்தும் விட்டாள். மெல்பேர்னிலிருந்து கிப்லா, மேற்கிலிருந்து வடக்கே ஒன்பது பாகை. இருபத்துநாலு இல்லை, ஒன்பது. இதை எந்தத் தாளிலும் எழுதிவிடாதே. யாருக்கும் விற்க உதவாத கணக்கு இது. உன் அறையில், ஒருவரும் பார்க்காத நேரம், ஒரு தரம் அந்தப் பக்கம் திரும்பி நின்று பார். அப்படி நின்ற அன்றைக்கு எனக்கு போன் எடு. நெட்வேர்க் எப்படி இருந்தாலும் நான் எடுப்பேன். ஒன்றும் சொல்லத் தேவையில்லை. நானும் கேட்கமாட்டேன்.

அல்லாஹ் உன் தலையை நேராக நிறுத்தி வைக்கட்டும்.

வஸ்ஸலாம்.

உன் ராத்தா,
கைருன்னிஸா